வாங்கில் இருந்த பிள்ளை

உ
செவ்ரான்
17 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு, தங்கச்சி வள்ளி எழுதுவது.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. நாங்கள் இருவரும் இழுத்துப் பறித்துக்கொண்டு சுகமாய்த்தான் இருக்கிறோம். உங்கள் முழங்கால் எப்படி? மகன் கரிகாலனும் மருமகளும் சுகமா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பீர்கள். போனில் கதைக்க எங்கே இடம்? எங்கள் வீட்டில் அறையில் கதைத்தால் குசினியில் கேட்கும். லக்ஷனாவின் பெயர் காதில் விழுந்தாலே இவர் எழும்பிச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். இங்கே நேர்ஸ் படிப்புக்குக் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு அமெரிக்காவுக்குக் கூடைப்பந்து விளையாடப் போனவள் என்று கோபம். "பந்தடிச்சுக்கொண்டு திரியிறதெண்டால் இனி இந்த வாசல் மிதிக்க வேண்டாம்" என்று அவள் போகிற அன்றைக்குச் சொன்ன மனிசன், இன்றுவரை மகளோடு ஒரு சொல் கதைக்கவில்லை. "கூப்பிட்டது சும்மா கல்லூரியே? அவங்கடை பெண்கள் அணியை உலகமே பாக்குதப்பா" என்று நான்தான் நின்று சண்டை பிடித்து அனுப்பினேன். நீங்கள் அந்தக் கல்லூரிக்கு ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறீர்கள் என்ற தைரியம்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுக்கிறாள். "சா வா, மாமோன்." நல்லாய் இருக்கிறேன் அம்மா என்று பிரெஞ்சில் ஒரு சொல், அதோடு சரி. நான் தமிழில் பத்துக் கேள்வி கேட்டால் பத்துக்கும் அதே சா வாதான். என் வதிவிட காட் புதுப்பிக்கக் கொடுத்தபடி கிடக்கிறது. பிறெபெக்தூர் அலுவலகத்தில் இருந்து பதில் வரும்வரை பெல்ஜியத்துக்கே போக முடியாது, அமெரிக்கா எங்கே.

அதனால் ஒரு உதவி அக்கா. நீங்கள் அவளுடைய ஆட்டங்களுக்குப் போய்ப் பார்த்து எனக்கு எழுதவேண்டும். கணினியில் பார்க்கலாமே என்று கடையில் என்னோடு வேலை செய்கிற மேரிறோஸ் சொல்கிறாள். அது பந்தைத்தான் காட்டும், பிள்ளையைக் காட்டாது. பாரிஸ் லாச்சப்பலில் மடுத்தீன் அண்ணையின் மரக்கறிக் கடை விலாசத்துக்கே போடுங்கள். அங்கேதானே நாள் முழுக்க முருங்கைக்காயோடு நிற்கிறேன்.

குளிருக்குக் காலை மூடிக்கொண்டு இருங்கள்.
உங்கள் தங்கச்சி,
வள்ளி


8 டிசம்பர் 2024

அன்புத் தங்கச்சி வள்ளிநாயகிக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோஷம். முழங்கால் படி ஏறும்போது மட்டும் தான் இருப்பதைச் சொல்லும். மற்றவர்கள் நல்ல சுகம். உன் மனிசன் தவரத்தினத்துக்கு என் அன்பைச் சொல்லு. எந்த விஷயத்தில் எழுதினேன் என்று சொல்லாதே.

சனிக்கிழமை கரிகாலன் என்னைக் கூட்டிக்கொண்டு போனான். அடி அம்மா, அதை மண்டபம் என்று சொல்வதா! நல்லூர்த் தேருக்கு வந்த சனம் மாதிரி. கூரையில் இருந்து அவர்கள் வென்ற வருஷங்களின் கொடிகள் வரிசையாய்த் தொங்குகின்றன. என் பக்கத்து இருக்கையில் நிக்கோலா என்று ஓய்வு பெற்ற ஆசிரியை. கல்யாணம் கட்டின காலத்தில் இருந்து அதே இருக்கைதானாம். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகும் இருக்கையை விடவில்லை.

நான் பட்ட வெட்கத்தைக் கேள். பாதி ஆட்டம் முடிந்ததும் கூடைகளை மாற்றிக்கொள்வார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? எதிர்ப்பக்கம் போட்ட பந்துக்கெல்லாம் எழும்பி நின்று கை தட்டினேன். நிக்கோலா என் கையைப் பிடித்து மடியில் வைத்துவிட்டா. பிறகு இருவரும் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிள்ளை வடிவாய் இருக்கிறாள். உயரம் இன்னும் கூடியிருக்கிறாள் போல. நீலச் சட்டை அவளுக்கு நல்ல எடுப்பு. மற்றப் பிள்ளைகளோடு நல்ல ஒற்றுமை. அவர்கள் களைத்து வரும்போது முதலில் எழும்பித் துவாய் கொடுப்பது அவள்தான், தண்ணீர்ப் போத்தலை நீட்டுவதும் அவள்தான். நீ நன்றாய் வளர்த்திருக்கிறாய். முடிந்ததும் ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். தோடம்பழமும் பருத்தித்துறை வடையும் கொடுத்தேன்.

உன் முதுகுப்பிடிப்புக்கு ஒத்தடம் கொடுக்கிறாயா? அசட்டையாய் இராதே.
அக்கா,
ஜெயமணி


உ
செவ்ரான்
12 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருஷம் உங்களுக்கு நோய்நொடி இல்லாமல் வரவேண்டும். எனக்கு முதுகு அப்படியேதான். தைப்பொங்கல் வருகிறது, கடையில் கரும்பும் மஞ்சள் கொத்தும் மலையாய்க் குவிந்து கிடக்கிறது, எல்லாம் தூக்குவது நாங்கள்தான்.

உங்கள் கடிதத்தை மேரிறோசுக்கு வாசித்துக் காட்டினேன். கூடை மாறின கதையைக் கேட்டு மடுத்தீன் அண்ணையும் கல்லாவில் இருந்து சிரித்தார். ஆனால் அக்கா, கொடி எழுதியிருக்கிறீர்கள், நிக்கோலா எழுதியிருக்கிறீர்கள், சட்டையின் நிறமும் எழுதியிருக்கிறீர்கள். பிள்ளை எப்படி ஆடினாள் என்பதை மறந்துவிட்டீர்களே! இங்கே எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். "வள்ளியக்கா, பிள்ளை எத்தனை போட்டவ?" என்று தேங்காய் வாங்க வருகிறவர்களும் கேட்கிறார்கள்.

போன வருஷம் முழங்கால் பிடிப்பு என்று அவளை இறக்கவில்லை என்று தெரியும். இந்த வருஷமாவது அவள் களத்தில் இறங்கவேண்டும் என்று பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன். அவள் இறங்கினால் ஆவணித் தேருக்கு அவள் பெயரில் நூற்றெட்டுத் தேங்காய் லாச்சப்பல் தெருவில் உடைப்பேன். கோயிலில் வாய்விட்டுச் சொன்னபடியால் இப்போது தெருவுக்கே தெரியும். இவருக்கும் தெரிந்திருக்கும்.

காலையில் இருட்டில் றயில் ஏறி இருட்டில் வந்து இறங்குகிறேன். செவ்ரானில் இறங்கும்போது கால் கால் மாதிரியே இல்லை. அவள் அங்கே ஓடுகிறாள் என்று நினைத்தால் ஒரு பலம்.

இனி மறக்காமல் எழுதுங்கள்.
வள்ளி


23 பெப்ரவரி 2025

அன்புத் தங்கச்சிக்கு,

பதில் சுணங்கிவிட்டது, கோபிக்காதே. முதலில் பனி, பிறகு எனக்குத் தடிமன், பிறகு கரிகாலனுக்கு. இப்போது எல்லோரும் எழும்பி நடமாடுகிறோம்.

நூற்றெட்டுத் தேங்காய் என்று எழுதியிருந்தாய். நேர்த்தி வைக்க முதல் என்னிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம். சரி, வைத்தது வைத்ததுதான்.

இந்த மாதம் எல்லா ஆட்டத்துக்கும் போனேன். நிக்கோலா இப்போது எனக்கும் சேர்த்து மெத்தை கொண்டு வருகிறா. நேற்றைய ஆட்டத்தில் பிள்ளை இறங்கினாள். எங்கள் பக்கம் நல்லாய் முன்னுக்கு நின்றது. சனம் கார் எடுக்க எழும்பத் தொடங்கியிருந்தது. நாங்கள் இருவரும் எழும்பவில்லை. பந்து அவள் கைக்கு ஒருமுறை வந்தது. அழகாய்ப் பிடித்து மற்றப் பிள்ளையிடம் கொடுத்தாள். நான் சரியான கூடையைப் பார்த்துத்தான் கை தட்டினேன், பயப்படாதே.

பிறகு வெளியே வந்தவளிடம், "அம்மாவுக்கு எழுதட்டே?" என்று கேட்டேன். "இறங்கினனான் எண்டு எழுதுங்கோ பெரியம்மா" என்றாள். எழுதிவிட்டேன்.

சத்துள்ளதாய் ஏதும் சாப்பிடு. கடைத் தேத்தண்ணியில் நாளைக் கடத்தாதே.
அக்கா,
ஜெயமணி


உ
செவ்ரான்
16 மார்ச் 2025

என் அருமை அக்காவுக்கு,

சுகம் விசாரிக்கக்கூட மறந்து எழுதத் தொடங்கிவிட்டேன். எல்லோரும் சுகம்தானே? எனக்கு இன்றைக்கு முதுகும் இல்லை, காலும் இல்லை, ஒன்றும் நோகவில்லை.

உங்கள் கடிதத்தைக் கடையில் நின்றபடியே உடைத்தேன். "இறங்கினாள்" என்ற இடத்துக்கு வந்ததும் நான் போட்ட சத்தத்தில், பாகற்காய் பொறுக்கிக்கொண்டு நின்ற மனிசி கூடையை விட்டுவிட்டா. மடுத்தீன் அண்ணை எல்லோருக்கும் பால்தேத்தண்ணி போடச் சொன்னார். அவர் வேதக்காரர், ஆனாலும், "உங்கடை பிள்ளையார் கெட்டிக்காரன்தான் தங்கச்சி" என்றார். மேரிறோஸ் அந்த வரியைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துப் பக்கத்துக் கடைக்காரனுக்கும் சொல்லிவிட்டாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

இவருக்கும் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டு இருந்தவர், "நித்தம் இறக்குவினமோ?" என்று கேட்டார். இரண்டு வருஷத்தில் அவளைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அக்கா. "ஓம், இனி நித்தம்தான்" என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

இனி ஒவ்வொரு ஆட்டத்தையும் விவரமாய் எழுதுங்கள்.
உங்கள்,
வள்ளி


4 மே 2025

அன்புத் தங்கச்சி வள்ளிக்கு,

நாங்கள் சுகம். உன் சந்தோஷக் கடிதத்தை மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறேன். பதில் எழுத உட்கார்ந்தால் ஏதாவது ஒரு வேலை வந்துவிடுகிறது.

ஆட்ட காலம் முடிந்துவிட்டது. கடைசிவரை போகமுடியவில்லை என்று நிக்கோலா இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். பிள்ளை இங்கே வந்து ஒரு கிழமை நின்றாள். கரிகாலன் காரை வாசலில் நிற்பாட்டியும் அவள் இறங்கவில்லை. நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே போய்க் கண்ணாடியில் தட்டினேன். "வாறன் பெரியம்மா, கொஞ்சம் இருந்திட்டு வாறன்" என்றாள். வந்து புட்டும் மீன்குழம்பும் தின்றாள். பாத்திரமும் கழுவி வைத்தாள்.

"அப்பா என்னைப் பற்றி ஏதும் கதைச்சவரோ?" என்று கேட்டாள். நித்தம் இறக்குவார்களோ என்று கேட்டாராம் என்றேன். உடனே எழும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஒன்று சொல்கிறேன், செய்வாயா? இந்த ஞாயிறு அவள் போன் எடுத்தால் விளையாட்டைப் பற்றிக் கேளாதே. வேறு ஏதாவது கேள். கோடைக்குப் பயிற்சி இருக்கிறதாம், ஆனாலும் ஒரு கிழமை வீட்டுக்கு வந்து போகட்டுமே. தவரத்தினத்திடம் நான் வேண்டுமானால் கதைக்கிறேன்.

உன் காட் விஷயம் என்ன ஆச்சு?
அக்கா,
ஜெயமணி


உ
செவ்ரான்
6 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கோடை முழுக்க எழுதவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். மேரிறோஸ் லூர்து மாதா யாத்திரைக்குப் போய்விட்டாள், அவளுடைய வேலையும் என் தலையில். உங்கள் முழங்காலுக்கு ஊசி போட்டதாகக் கரிகாலன் சொன்னான், இப்போது நடக்க முடிகிறதா?

பிள்ளையை வரச் சொல்லி எழுதியிருந்தீர்கள். இவரிடம் மெல்லத் தொடங்கினேன். "அவள் அங்கை பேரோடை நிக்கிறாள், இஞ்சை என்னத்துக்கு?" என்றார். மனிசன் பெருமையாய்ச் சொல்கிறாரா குத்தலாய்ச் சொல்கிறாரா என்று விளங்கவில்லை. பிள்ளையும் பயிற்சி என்று சொன்னாள். அப்படியே போய்விட்டது.

போன ஞாயிறு தேர். என் நேர்த்தியை நிறைவேற்றிவிட்டேன் அக்கா. தெருவில் மஞ்சள் பூசிய தேங்காய்களைக் குவித்து, அவள் பெயரையும் நட்சத்திரத்தையும் ஐயர் சொல்ல, நானே உடைத்தேன். பாதிக்குமேல் தோள் ஒத்துழைக்கவில்லை, கோயில் பொடியன்கள் உதவிக்கு வந்தார்கள், விடவில்லை. நடு வீதியில் இளநீர் ஆறாய் ஓடியது. படம் எடுத்த வெள்ளைக்காரருக்குக்கூட, "இவவின்ரை மகள் அமெரிக்காவிலை பெரிய பந்தாட்டக்காரி" என்று எங்கள் ஆட்கள் விளக்கம் சொன்னார்கள்.

இனித்தான் பெரிய செய்தி. அவர்கள் அணி முதல் ஆட்டத்தை நவம்பரில் பாரிசில் ஆடுகிறதாம்! அதுவும் எங்கே? போர்த் து லா சப்பலில், ஒலிம்பிக்குக்குக் கட்டின புது அரங்கில். கடையில் இருந்து நடந்தே போய்விடலாம். பிள்ளையார் என்னை அமெரிக்காவுக்கு அனுப்ப முடியாமல் அமெரிக்காவை இங்கே கொண்டுவருகிறார். மடுத்தீன் அண்ணை மத்தியானத்தோடு கடையைப் பூட்டப் போகிறார். அவர் நத்தார்ப் பெருநாளுக்கே பூட்டாத மனிசன். கடை ஆட்கள், கோயில் ஆட்கள், செவ்ரான் சனம் என்று மேல் வரிசை முழுக்க நாங்கள்தான். இவர் மட்டும் வேலை இருக்கிறது என்கிறார்.

நீங்களும் வந்தால் எவ்வளவு நல்லாய் இருக்கும்.
வள்ளி


12 அக்டோபர் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

ஊசி போட்டபின் முழங்கால் பரவாயில்லை. விமானத்தில் இருக்க மட்டும் டொக்டர் விடவில்லை.

தேங்காய் விஷயம் வாசித்தேன். உன் தோளுக்கு எண்ணெய் போடு.

வள்ளி, ஆட்டத்துக்கு நீயும் மேரிறோசும் மட்டும் போனால் என்ன? இவ்வளவு சனத்தை ஏன் கூட்டிக்கொண்டு போகிறாய்? புது இடம், பிள்ளைக்குக் கூச்சமாய் இருக்கும். முதல் ஆட்டத்தில் யாரை இறக்குவார்கள், யாரை இருத்துவார்கள் என்று ஒருவரும் சொல்ல முடியாது. இந்த வருஷம் புதிதாய் வந்த பிள்ளைகளும் நல்ல கெட்டிக்காரிகள் என்று நிக்கோலா சொல்கிறா. கண்ணூறும் இருக்கிறது. நீதானே கண்ணூறுக்கு மிளகாய் சுற்றுகிறவள்.

யோசித்துச் செய். நான் சொல்வது விளங்கும் என்று நினைக்கிறேன்.
அக்கா,
ஜெயமணி


உ
செவ்ரான்
21 அக்டோபர் 2025

அக்காவுக்கு,

சுகம். விளங்கவில்லை. கண்ணூறு என்று எழுதியிருக்கிறீர்கள். இத்தனை வருஷம் நான் இந்தத் தெருவில் குனிந்து நின்று வெங்காயம் பொறுக்கினதை எல்லோரும் பார்த்தார்கள், அதற்கு ஒருவரும் கண்ணூறு படவில்லை. ஒரே ஒரு நாள் நிமிர்ந்து நடந்தால் அக்காவுக்கே பொறுக்கவில்லையா? உங்களுக்கும் இவருடைய குணம் தொற்றிவிட்டது போல.

எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. போகத்தான் போகிறோம்.
வள்ளி


உ
செவ்ரான்
9 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாய் இருக்கிறீர்களா? போன கடிதத்தில் எழுதின கடைசி வரிகளை மறந்துவிடுங்கள். நானும் உங்களோடு கோபத்தில்தான் இருந்தேன், இப்போது கோபப்படவும் பலம் இல்லை. நடந்ததை ஒழுங்காய் எழுதுகிறேன்.

கடையைப் பூட்டிவிட்டு எல்லோரும் பட்டுச்சேலையும் குளிர்ச்சட்டையுமாய் நடந்து போனோம். எலுமிச்சம் சோறும் றோல்சும் பார்சல் கட்டிக்கொண்டு போயிருந்தோம். சாப்பாடு உள்ளே விடமாட்டோம் என்றார்கள். கோயில் சோற்றைக் குப்பையில் போடுவதா? வாசலில் நின்றபடியே அவ்வளவையும் சாப்பிட்டு முடித்தோம். காவலுக்கு நின்றவரும் இரண்டு றோல்ஸ் தின்றார்.

பிள்ளைகள் ஓடி வந்தார்கள். நடையை வைத்தே அவளைக் கண்டுபிடித்துவிட்டேன். சட்டையின் முதுகில் தவரத்தினம் என்று பெரிய எழுத்தில் அப்பாவின் பெயர். நான் எழும்பிக் கை காட்டினேன். அவள் மேலே பார்த்தாள், எங்கள் வரிசை முழுவதையும் பார்த்தாள். அவள் முகம் வெளிறிப் போனதை அவ்வளவு தூரத்திலும் கண்டேன். குளிர் என்று நினைத்தேன்.

ஆட்டம் தொடங்கியது. அவள் களத்துக்கு வெளியே வாங்கில் இருந்தாள். "எப்ப வள்ளியக்கா இறங்குவா?" என்று பின்வரிசையில் கேட்டார்கள். "பொறுங்கோ, கெட்டிக்காரரைக் கடைசியாத்தான் இறக்குவினம்" என்றேன். பாதி ஆட்டம் போனது. அவள் எழும்பினாள், துவாய் கொடுத்தாள், தண்ணீர் கொடுத்தாள், இருந்தாள். திரும்ப எழும்பினாள், கொடுத்தாள், இருந்தாள். எனக்கு உங்கள் முதல் கடிதம் அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்தது. நீங்கள் ஒரு பொய்யும் எழுதவில்லை அக்கா. எழுதாத இடத்தையெல்லாம் நான்தான் என் விருப்பப்படி நிரப்பி வாசித்திருக்கிறேன்.

அதோடு விட்டிருக்கலாம். அவர்கள் நல்லாய் முன்னுக்குப் போய்விட்டார்கள், கொஞ்ச நேரம்தான் மிச்சம். மடுத்தீன் அண்ணை எழும்பி நின்று, "லக்ஷனா!" என்று ஒரு சத்தம் போட்டார். அவ்வளவுதான், எங்கள் வரிசை முழுக்கப் பிடித்துக்கொண்டது. லக்ஷனா, லக்ஷனா என்று அரோகரா போடுகிற மாதிரி. கீழே இருந்த பிரெஞ்சுப் பொடியன்கள் முதுகில் இருந்த பெயரை வாசித்துத் தாங்களும் தொடங்கினார்கள். "தவ-ரத்-நாம்! தவ-ரத்-நாம்!" என்று முழு அரங்கும் காலால் தட்டுகிறது. இரண்டு தெரு தள்ளி ஒரு றெஸ்ரோறன்ரின் குசினியில் சட்டி கழுவிக்கொண்டு நின்றவரின் பெயர் அது. நானும் சேர்ந்து கத்தினேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பயிற்சியாளர் அம்மா மேலே பார்த்துச் சிரித்தா, திரும்பி அவளை வா என்று கை காட்டினா. பிள்ளை தலையை ஆட்டினாள். மாட்டேன் என்று. பிறகு துவாயை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு குனிந்துவிட்டாள். அவள் தோள் குலுங்கினதை நான் பார்த்தேன். பக்கத்தில் இருந்த பிள்ளை அவள் முதுகில் கை வைத்தாள்.

எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராய் இருந்தார்கள். மேரிறோஸ்தான், "பிள்ளைக்கு முழங்கால் நோப்போலை" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். "ஓம், ஓம், குளிருக்கு நோகும்" என்று எல்லோரும் சொன்னார்கள். அவர்களுக்கு விளங்கிவிட்டது என்று எனக்கு விளங்கியது. நல்ல சனம்.

முடிந்த பிறகு குடும்பத்தாரைக் கம்பிவேலிக்குக் கிட்ட விட்டார்கள். அவள் வந்தாள். சா வா என்று சொல்லுவாள், நானும் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போவேன் என்று நினைத்தேன். என் குளிர்ச்சட்டையில் முகத்தை வைத்து, "அம்மா, நான் களைச்சுப் போனன்" என்றாள்.

தமிழில் சொன்னாள் அக்கா. அவள் சின்ன வயதில் இருந்து நான் ஒவ்வொரு நாளும் றயிலில் மனதுக்குள் சொல்லிக்கொண்டு வருகிற சொல் அது. ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை, அவள் எங்கே படித்தாள் என்று தெரியவில்லை. இரண்டு வருஷமாய் விளையாட்டை விடட்டா என்று கேட்க நினைத்தாளாம். ஒவ்வொரு ஞாயிறும் நான் சந்தோஷமாய் இருப்பதைக் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிடுவாளாம். தேங்காய் உடைத்த படத்தை யாரோ அனுப்பியிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு இனிச் சொல்லவே முடியாது என்று முடிவெடுத்தாளாம்.

"வீட்டை வா" என்றேன்.

"அப்பா?"

"அப்பாவை நான் பாக்கிறன்."

"சனம் என்ன சொல்லும்?"

"சனத்துக்கு நாளைக்கு வேலை இருக்கு. நீ வா."

அடுத்த நாள் இவருக்கு லீவு. மத்தியானச் சாப்பாட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பெயரை அரங்கு முழுக்கக் கூப்பிட்டதையும், அவள் மாட்டேன் என்றதையும், வரச் சொன்னதையும். சண்டைக்கு ஆயத்தமாய்த்தான் இருந்தேன். அவர் சாப்பிட்டு முடித்துக் கோப்பையைக் கழுவினார். பிறகு அவளுடைய அறைக்குள் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், அவள் கட்டிலில் நாங்கள் ஏற்றி வைத்திருந்த அரிசி மூட்டையையும் சூட்கேசுகளையும் ஒவ்வொன்றாய் இறக்கிக்கொண்டிருக்கிறார். "உதுகளை எங்கை வைக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது எல்லாம் குசினியில் கிடக்கிறது, நடக்க இடமில்லை. படிப்பில் இந்தத் தவணையை அங்கே முடித்துவிட்டு வருகிறாளாம். இங்கே சென் தெனிப் பல்கலைக்கழகத்தில் தொடரலாம் என்கிறாள். அதுவரை அவளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்கு இனி நீங்கள் போகத் தேவையில்லை, உங்களை நான் நிறையக் கஷ்டப்படுத்திவிட்டேன். முழங்கால், தடிமன், எல்லாம் எப்படி? உங்கள் உடம்பைப் பற்றி உண்மையாய் எழுதுங்கள்.

வள்ளி


14 டிசம்பர் 2025

என் அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். ஆட்டத்துக்கு முதல் நாள் நான் உனக்குப் போன் எடுத்தேன் தெரியுமா? தவரத்தினம் எடுத்தார். சுகம் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். உள்ளதைச் சொல்லவில்லை என்று கரிகாலன் எனக்கு ஏசின ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது. நீ ஏசவில்லை, அதுதான் கூட நோகிறது.

ஆட்டத்துக்குப் போகத் தேவையில்லை என்று எழுதியிருந்தாய். போனேன். பிள்ளைதான் கூட்டிக்கொண்டு போனாள். அணியில் இருந்து விலகுகிறேன் என்று சொன்னபோது பயிற்சியாளர் அம்மா கட்டிப்பிடித்து அழுதாவாம். நேற்று எனக்கும் நிக்கோலாவுக்கும் நடுவில் சாதாரண உடுப்போடு வந்து இருந்தாள். நிக்கோலா அவளுக்கு என் மெத்தையைக் கொடுத்துவிட்டா. ஒரு பெரிய பெட்டி சோளப்பொரி வாங்கி மூவரும் தின்றோம். யார் எப்படி ஓடுகிறார்கள், ஏன் விசில் ஊதினார்கள் என்று எனக்குச் சொல்லித் தந்தாள். ஒரு வருஷமாய்ப் பார்த்தும் எனக்கு நேற்றுத்தான் அந்த விளையாட்டு விளங்கியது.

பாதி ஆட்டத்துக்குப் பிறகு கேள்வி கேட்டேன், பதில் இல்லை. பார்த்தால், என் வலது தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். வாய் திறந்தபடி. அவ்வளவு சனம் கத்துகிறது வள்ளி, மேளம் அடிக்கிறார்கள், கூரை இடிந்து விழுகிற சத்தம். அவள் அசையவில்லை. நிக்கோலா தன் கழுத்துத் துணியைக் கழற்றி அவள் மேல் போட்டுவிட்டா. ஆட்டம் சமமாய் முடிந்து மேலதிக நேரம் கொடுத்தார்கள், சனம் முழுக்க எழும்பி நின்றது. நானும் நிக்கோலாவும் எழும்பவில்லை. எங்களுக்கு முன்னால் நின்றவர்களின் முதுகுதான் தெரிந்தது. யார் வென்றது என்று எனக்குத் தெரியாது.

சனமெல்லாம் போய் விளக்குகளைக் குறைத்த பிறகும் நாங்கள் இருந்தோம். கூட்டுகிற பெண் வந்து பார்த்துவிட்டு, எங்கள் வரிசையை விட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள். கரிகாலன் காரில் காத்திருந்து காத்திருந்து மேலே வந்துவிட்டான். அவனையும் பேசாமல் இருக்கச் சொன்னேன்.

என் உடம்பைப் பற்றி உண்மையாய் எழுதச் சொல்லியிருந்தாய். வலது தோளில் நல்ல நோவு. மற்றபடி சுகம்.

அக்கா,
ஜெயமணி